தைப்பிங்: தண்ணீரின் வழியே போனால் ஊர் புரியும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தைப் பற்றிய சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் தைப்பிங் ஏரியின் படம் இருக்கும். தண்ணீரைத் தொடுவது போல வளைந்த கிளைகள், பின்னால் மேகம் மூடிய மலை. 2024இல் அந்த ஊர் தன் 150ஆவது ஆண்டைக் கொண்டாடிய பிறகு இந்தப் படங்கள் இன்னும் கூடிவிட்டன. சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களுக்கு தைப்பிங் ஒரு மணி நேரப் பயணம்தான். பள்ளி விடுமுறை வந்தால் வேன் பிடித்துப் போகிறோம், ஏரியைச் சுற்றுகிறோம், மிருகக்காட்சிச் சாலை பார்க்கிறோம், மழையில் நனைந்து திரும்புகிறோம்.

போய் வந்தவர்களிடம் சில கேள்விகள் மிஞ்சுகின்றன. அது இயற்கை ஏரியா, வெட்டிய ஏரியா? எப்போது போனாலும் ஏன் மழை? மலைக்கு ஜீப் ஓடவில்லை என்று ஏன் அடிக்கடி கேள்விப்படுகிறோம்? பாரம்பரிய நகரம் என்கிறார்களே, அந்தப் பாரம்பரியத்தில் தோட்டத்துத் தமிழர்களுக்கு இடம் உண்டா?

நான்குக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது. மலையில் விழும் தண்ணீர் கடலுக்குப் போகிற வழியில்தான் இந்த ஊரே உருவானது. அந்த வழியைப் பிடித்துக்கொண்டால் ஏரி, ரயில், கரிச்சூளை எல்லாம் தனித்தனிக் காட்சிகளாக இல்லாமல் ஒன்றாகச் சேரும்.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

தைப்பிங் கடல் மட்டத்தை ஒட்டிய சமவெளியில் இருக்கிறது. கிழக்கே பிந்தாங் மலைத்தொடர். ஊரின் முதுகில் நிற்கும் புக்கிட் லாரூட், பெரியவர்கள் இன்னும் மேக்ஸ்வெல் ஹில் என்று சொல்லும் மலை, சுமார் 1,250 மீட்டர் உயரம். மேற்கே கோலா செப்பெத்தாங் கரையோரம், காரில் அரை மணி நேரத்துக்குள். இத்தனை குறுகிய தூரத்தில் இவ்வளவு உயர வித்தியாசம் இருந்தால் மூன்று விஷயங்கள் நடக்கும்:

1. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று உடனே மலையில் முட்டி மேலே ஏறும்.
2. மழைநீர் செங்குத்தாக இறங்கி, மலைப்பாறையை அரித்து, அடிவாரத்தில் மண்ணையும் கல்லையும் கொட்டும்.
3. அந்தத் தண்ணீர் சமவெளியில் வேகம் குறைந்து, வண்டலோடு கடலோரச் சதுப்பில் போய்ப் பரவும்.

முதலாவது மழையைத் தந்தது. இரண்டாவது ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, தந்தது. மூன்றாவது மாத்தாங் சதுப்புக்காட்டை வளர்த்தது. தைப்பிங்கில் பார்ப்பதற்கு என்று இருப்பதில் பெரும்பங்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்றின் விளைவுதான்.

ஏரி: முன்பு ஈயக் குட்டை

இந்த மலை கருங்கல் மலை. கருங்கல்லுக்குள் ஈயத்தாது இழை இழையாக ஓடுகிறது. பல யுகங்களாக மழை பாறையை அரிக்க, தாது உதிர்ந்து ஓடையோடு இறங்கியது. மற்ற மண்ணைவிட ஈயத்தாது கனமானது என்பதால் ஓடை வேகம் தணிகிற அடிவாரத்திலேயே அது படிந்துவிட்டது. மேல்மண்ணுக்குக் கீழே, சரளைக் கல்லோடு கலந்து கிடக்கும் இந்த அடுக்கைச் சுரங்கக்காரர்கள் காராங் என்பார்கள். மேல்மண்ணை அகற்றி, காராங்கைத் தோண்டி, ஓடும் தண்ணீரில் அலசினால் லேசான மணல் அடித்துக்கொண்டு போகும், ஈயம் அடியில் தங்கும். அதாவது தாதுவைக் கொண்டுவந்து சேர்த்ததும் தண்ணீர், அதைப் பிரித்தெடுக்கத் தேவையானதும் தண்ணீர்.

லாரூட் பகுதியில் ஈயத்தைக் கண்டெடுத்தவர் லோங் ஜாஃபார் என்ற மலாய்த் தலைவர். காலம் 1840களின் பிற்பகுதி. காணாமல் போன அவருடைய யானை, சேறு பூசிய காலோடு திரும்பி வந்தது, சேற்றில் ஈயம் மின்னியது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் இங்கே வந்து குவிந்தது உண்மை. அவர்கள் கீ ஹின், ஹை சான் என்ற இரண்டு பெரிய சங்கங்களாகப் பிரிந்திருந்தார்கள். 1861இல் இந்த இரு தரப்புக்கும் முதல் மோதல் வெடித்தது. காரணம், சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டு போகும் வாய்க்கால் யாருக்கு என்பதுதான்.

இந்தச் சண்டைகள் விட்டு விட்டு 1870களின் தொடக்கம் வரை நீண்டன. லாரூட் போர்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயம் இது. ஆனால் 1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாக இந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம். அந்த ஒப்பந்தம்தான் சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் அதிகாரியை, அதாவது ரெசிடெண்டை, பேராக்கில் உட்கார வைத்தது. சண்டை ஓய்ந்து, ஊருக்குத் தைப்பிங் என்று புதுப்பெயர் வந்ததும் அப்போதுதான். பிரிட்டிஷ் ஆட்சி மலாய் மாநிலங்களுக்குள் நுழைந்த பிறகுதான் ரப்பரும், ரப்பருக்காக நம் முன்னோரும் பெருந்திரளாக வந்தார்கள். ஒரு வாய்க்கால் தகராறு நம் குடும்பக் கதைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

சரி, ஏரிக்கு வருவோம். ஈயம் எடுத்து முடித்த லம்பத்தை, அதாவது சுரங்கப் பள்ளத்தை, யாரும் மூடுவதில்லை. பள்ளத்தில் மழைநீர் நிரம்பும், சுற்றிலும் வெள்ளை மணல் மேடு கிடக்கும், புல்கூட முளைக்காது. ஈப்போ பக்கம் போனால் இப்படிப்பட்ட குட்டைகளை இன்னும் பார்க்கலாம். தைப்பிங்கில் அப்படிக் கிடந்த நிலத்தைத்தான் 1880இல் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். யோசனை, பேராக் சீக்கியப் படைப்பிரிவின் தலைவராக இருந்த கர்னல் ராபர்ட் வாக்கருடையது என்பார்கள். 1884இல் புல்லும் பூச்செடியும் மரமும் நட்டார்கள். மாடு மேயாமல் இருக்க ஒரு பகுதிக்கு வேலியும் போட்டார்கள். இன்று பூங்காவின் பரப்பு சுமார் 64 ஹெக்டேர். பெரிதும் சிறிதுமாகப் பத்து ஏரி குளங்கள். மலாயாவின் முதல் பொதுப்பூங்கா இதுதான் என்ற பெயரும் உண்டு.

ஆக, ஏரி வெட்டியதுதான். ஆனால் ஏரி வேண்டும் என்று யாரும் வெட்டவில்லை. இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம், ஏனென்றால்:

1. சுரங்கக் குட்டையின் அடி சமமாக இருக்காது. கரையில் இருந்து இரண்டு அடி வைத்ததும் திடீரென்று ஆழம் வரும். அமைதியான தண்ணீர் என்று நம்பிப் பிள்ளைகளை இறங்க விடக் கூடாது.
2. அது தானாகவே அழகாக இருந்துவிடாது. தூர் வாருதல், பாசி அகற்றுதல், மதகு பார்த்தல் என்று யாராவது எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஏரியின் அழகைப் பாராட்டுகிறவர்கள் அதிகாலையில் வலை போட்டுக் குப்பை எடுக்கும் நகராண்மைக் கழகத் தொழிலாளர்களையும் ஒரு பார்வை பார்க்கலாம்.
3. கெட்டுப்போன நிலத்தைச் சீர்செய்ய முடியும் என்பதற்கு நூற்று நாற்பது ஆண்டு பழைய சாட்சி இது. குட்டை என்றாலே மண்ணடித்து வீடு கட்டும் பழக்கம் உள்ள மாநிலத்தில் இதை அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

கரையோர மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. படங்களில் வரும் அந்தப் பெரிய மரம் இந்த மண்ணுக்குரியது அல்ல, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் இருந்து வந்தது. தமிழில் தூங்குமூஞ்சி மரம். மாலையிலும், வானம் நன்றாக இருட்டினாலும் இலைகளை மடக்கிக்கொள்ளும். கிளைகள் ஏன் ஏரிப்பக்கமாகவே சாய்கின்றன என்று பலர் கேட்கிறார்கள். இந்த மரம் உயரத்தைவிட அகலத்தில் வளர்வது. சாலைப் பக்கம் மற்ற மரங்களின் நிழல், ஏரிப் பக்கம் தடையில்லாத வெளிச்சம். வெளிச்சம் இருக்கிற திசையில் கிளை நீள்கிறது, நீண்ட கிளை தன் பாரத்தால் தாழ்கிறது. அவ்வளவுதான் ரகசியம். மரங்களைக் காப்பாற்ற அந்தச் சாலைப் பகுதியில் வாகனங்களை நிறுத்தி நடைபாதையாக்கி விட்டார்கள். நல்ல முடிவு.

மழை: ஏன் இங்கே மட்டும் இவ்வளவு?

தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தின் சராசரி 2,500 அளவில்தான். 4,000 மில்லிமீட்டர் என்றால், ஓராண்டில் பெய்தது வடியாமலும் ஆவியாகாமலும் நின்றால் நான்கு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்.

காரணம் முன்பே பார்த்த அந்த உயர வித்தியாசம். பகல் வெயிலில் நிலம் சூடாக, மலாக்கா நீரிணையில் இருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மலை வழியை மறிக்கிறது. காற்று மேலே ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. ஈரத்துணியைப் பிழிவது போல மலை அந்தக் காற்றைப் பிழிந்துவிடுகிறது. சூடேறி, காற்று வந்து, மேகம் திரள நேரம் பிடிப்பதால் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். காலை வெளுத்திருக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று இங்கே ஒரு காலத்தில் பந்தயமே கட்டினார்களாம்.

மாதக் கணக்கில் பார்த்தால், பருவக்காற்று திசை மாறும் இடைக்காலங்களில், அதாவது ஏப்ரல் மே வாக்கிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும், மழை கூடுதல். ஜூன், ஜூலையும் ஆண்டின் தொடக்கமும் ஓரளவு பரவாயில்லை. நாம் அதிகம் போகும் தீபாவளி விடுமுறை பெரும்பாலும் சரியாக மழைக்காலத்தில் வந்து விழுகிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ளலாம்.

மழையோடு சேர்ந்த ஆபத்து ஒன்றும் உண்டு. மலையடிவாரத்தில் பர்மீஸ் பூல் போன்ற ஓடைக் குளியல் இடங்கள் இருக்கின்றன. குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஒரேயடியாக இறங்குவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தெளிந்த ஓடை திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கூடினாலும் துணிமணியைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். அதற்கு அப்புறம் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

மலைச்சாலை ஏன் மூடிக்கொண்டே இருக்கிறது

புக்கிட் லாரூட் இந்த நாட்டின் மிகப் பழைய மலை வாசத்தலங்களில் ஒன்று, 1884இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் நடந்தோ குதிரையிலோதான் ஏறினார்கள். வழியில் தேயிலை பயிரிட்டுப் பார்த்துக் கைவிட்ட இடம் இருக்கிறது. வண்டி போகும் சாலை 1948இல்தான் முடிந்தது. குறுகலான சாலை, எழுபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, அரசாங்க ஜீப்தான்.

சிக்கல் சாலையில் இல்லை, சாலை நிற்கும் மண்ணில் இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கருங்கல் மேலிருந்து மக்கி, பல மீட்டர் ஆழத்துக்குத் தளர்ந்த மண்ணாக மாறிவிடுகிறது. அதன் மேல் காட்டு மரங்களின் வேர்தான் பிடிமானம். சாலைக்காகச் சரிவை வெட்டும்போது அந்தப் பிடிமானம் போகிறது. பிறகு நான்கு மீட்டர் மழை. மண் நீரை உறிஞ்சிக் கனத்து, வழுக்கி இறங்குகிறது. இதனால் ஜீப் சேவை நின்ற காலங்கள் பல உண்டு, சில தடவை நீண்ட காலத்துக்கு. எனவே மலைக்குப் போவதாக இருந்தால் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். பழைய இணையப் பதிவுகளை நம்பி வேன் நிறைய ஆட்களை அழைத்துப் போக வேண்டாம்.

கேபிள் கார் கட்டும் யோசனை பலமுறை பேசப்பட்டு, சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் எதிர்ப்பையும் சந்தித்திருக்கிறது. ஆதரிப்பவர்களின் வாதம் எளிது: சாலை நிற்காது, தூணை ஊன்றிவிடலாம், வருமானம் வரும். எதிர்ப்பவர்கள் சொல்வது: தூணுக்கும் மேலே கட்டும் விடுதிகளுக்கும் காட்டை வெட்ட வேண்டும், அந்தக் காடுதான் கீழே இருக்கும் ஊரின் தண்ணீர்த் தொட்டி. என் பார்வையில் இரண்டாவது வாதம் கனமானது. மேலே பிடிமானம் போனால் கீழே ஏரிக்கும் ஓடைக்கும் சேறுதான் வரும், அந்தச் செலவு எந்தத் திட்ட அறிக்கையிலும் தனி வரியாக இருக்காது.

கடல் பக்கம்: ரயிலும் கரிக்கட்டையும்

ஈயம் கனமான சரக்கு. சுரங்கத்தில் இருந்து துறைமுகத்துக்கு மாட்டுவண்டிகளிலும் ஆற்றுப் படகிலும் போனது, மழைக்காலத்தில் சேற்றில் புதைந்தது. அதற்கு மாற்றாகத்தான் தைப்பிங்கில் இருந்து போர்ட் வெல்டுக்கு, இன்றைய கோலா செப்பெத்தாங்குக்கு, மலாயாவின் முதல் ரயில்பாதை போடப்பட்டது. 1885 ஜூன் 1இல் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். பாதை இப்போது இல்லை. கோலா செப்பெத்தாங்கில் பழைய பயணச்சீட்டு அறையும் ஊர்ப்பெயர்ப் பலகையும் மட்டும் நிற்கின்றன. அந்தப் பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் அதைச் சேர்த்து எடுக்கட்டும்.

அங்கே போகிற வழியில் மாத்தாங்கில் ங்கா இப்ராஹிம் கோட்டை. லோங் ஜாஃபாரின் மகன் கட்டியது. முதல் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்ட வழக்கில் மலாய்த் தலைவர் மகாராஜா லேலாவை விசாரித்தது இங்கேதான்.

கரையோரம் முழுக்க மாத்தாங் சதுப்புநிலக் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தே திட்டமிட்டு வெட்டி, திரும்ப நட்டு, பராமரிக்கும் காடு. சுமார் முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டுகிறார்கள். வெட்டிய பாக்காவ் எனும் சதுப்புநில மரக் கட்டைகளைக் குவிமாடச் செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் புகையூட்டிக் கரியாக்குகிறார்கள். சாத்தே சுடும் கடைக்காரரைக் கேட்டால் பாக்காவ் கரியின் அருமை தெரியும். காட்டை வெட்டுவது என்றாலே தப்பு என்று நினைக்கிறவர்களும், காடு என்றாலே வெட்டத்தான் என்று நினைக்கிறவர்களும் இந்த இடத்தை ஒருமுறை பார்க்கலாம்.

நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்

தைப்பிங் வரலாறு என்றால் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் கர்னல்கள், ரெசிடெண்டுகள், சீனச் சுரங்க முதலாளிகள். தமிழர் என்றால் ஒரு கோயில் படம். ஆனால் தண்ணீரின் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் தமிழ் உழைப்பு இருக்கிறது. தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

1. ரயில். முதல் பாதையைப் போட இலங்கையில் இருந்து பயனியர் படைத் தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். பிறகு தண்டவாளப் பராமரிப்பில் தென்னிந்தியத் தமிழர்களே பெரும்பான்மை ஆனார்கள். மேலே அலுவலகத்தில் யாழ்ப்பாணத் தமிழர்கள்: மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள், நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் (எழுத்தர்களாகவும்) வந்தார்கள். ஒரே மொழி, ஆனால் இரண்டு வாழ்க்கை. ஒருவர் லைன் வீட்டிலும் மற்றவர் குவாட்டர்ஸிலும் இருந்தார்கள். இந்தப் பிளவு கோயில், சங்கம், திருமணம் எல்லாவற்றிலும் நெடுங்காலம் தெரிந்தது.

2. கரும்பு. தைப்பிங்கின் வடமேற்கே கிரியான் பகுதியில் ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. கோலா குலா என்ற ஊரின் பெயரிலேயே சர்க்கரை இருக்கிறது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பங்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள். சதுப்புநிலத்தை வடித்து, வாய்க்கால் வெட்டி, வரப்புக் கட்டி, காய்ச்சலில் விழுந்தவர்கள். ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதற்குள் கரும்பு சாய்ந்து ரப்பர் எழுந்துவிட்டது. ரப்பர் தோட்டத்துக்கு ஆட்களைக் கங்காணி, அதாவது தோட்டத்து மேஸ்திரி, தன் ஊரில் போய்த் திரட்டி வந்தார். அந்த ஏற்பாடும் 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் நின்றது. இன்று கோலா குலா வலசைப் பறவைகளைப் பார்க்கப் போகும் இடம். பறவை பார்க்கப் போகிறவர்கள் கால் வைக்கும் மண் யார் வடித்தது என்று தெரிந்து போவது நல்லது.

3. ரப்பர். தைப்பிங் போகும் வழியில் கோலா கங்சார் மாவட்ட அலுவலகத்தின் முன் ஒரு பழைய பால்மரம் வேலிக்குள் நிற்கிறது. 1877இல் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் அங்கே நட்ட கன்றுகளின் மிச்சம். நம் பாட்டிமார் விடியலில் கத்தி பிடித்து ஏறிய அத்தனை நிரைகளுக்கும் அந்தத் தலைமுறை மரங்கள்தான் தொடக்கம். ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம்.

4. ஊருக்குள். நாகமுத்து மாரியம்மன் ஆலயம், செட்டியார்களின் வட்டிக்கடை மரபு, தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கடைகள். செண்டோல் என்ற குளிர் இனிப்புக்குத் தைப்பிங்கில் பெயர் வாங்கித் தந்ததில் தமிழ் முஸ்லிம் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பாரக் ரோட்டில் வெயில் நேரத்தில் வரிசை நிற்கும்.

5. போர் மயானம். மலைக்குப் போகும் சாலையில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் இருக்கின்றன. சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபக்கம் மற்ற சமயத்தார். எண்ணூறுக்கு மேற்பட்ட கல்லறைகளில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் தெரியாது. இந்தியப் படைவீரர்கள் பலர். புல் சீராக வெட்டி, கல்லைக் கழுவி, மரியாதையாக வைத்திருக்கிறார்கள். அதே போரில் தோட்டங்களில் இருந்து ஜப்பானியர்கள் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு ஏற்றப்பட்டுத் திரும்பாமல் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு இப்படி வரிசைக் கல் எங்கும் இல்லை. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூத்தவர்கள் இருக்கும் குடும்பங்களில் அந்தப் பெயர்களில் சில இன்னும் வாய்மொழியாக இருக்கும். மயானத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் ஒழிய, பாதிக் கதைதான் சொன்னதாகும்.

பழைய கட்டடங்கள் எப்படித் தப்பின

1876 முதல் 1937 வரை பேராக்கின் தலைநகரம் தைப்பிங்தான். அதனால்தான் ‘முதல்’கள் இங்கே குவிந்திருக்கின்றன: 1879இல் சிறைச்சாலை, 1883இல் நாட்டின் முதல் அருங்காட்சியகம், 1886இல் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம். பிறகு லாரூட்டின் ஈயம் குறைந்தது, கிந்தா பள்ளத்தாக்கு எழுந்தது, தலைநகரம் ஈப்போவுக்குப் போனது. பணம் போன ஊரில் யாரும் பழைய கட்டடத்தை இடித்து மாடி கட்டுவதில்லை. தைப்பிங்கின் பாரம்பரியம் பாதிக்கு மேல் அந்தச் சரிவின் தயவு. 2019இல் பெர்லினில் நடந்த சுற்றுலாக் கண்காட்சியில் நிலைத்த சுற்றுலாவுக்கான சிறந்த நகரங்களில் மூன்றாம் இடம் கிடைத்த பிறகு நிலைமை மாறுகிறது. கடைவீடுகள் காபிக் கடைகளாகவும் தங்குவிடுதிகளாகவும் ஆகின்றன. அது நல்லதா கெட்டதா என்பது வாடகை ஏறியதும் யார் வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு நாள்

மேலே சொன்ன காரணங்களை வைத்தே நாளை வகுத்துக்கொள்ளலாம்.

1. போவது. இடிஎஸ் எனும் மின்ரயில்களில் சில சுங்கை சிப்புட்டில் நிற்கின்றன. பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் குகைப்பாதை வரும், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வேடிக்கை. காரில் போனால் நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையைப் பிடியுங்கள், கோலா கங்சார் பால்மரத்தைப் பார்க்கலாம்.

2. காலை ஏரி. வெளியில் பார்ப்பதை எல்லாம் பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஏழு மணிக்கு ஏரியில் இருந்தால் மலை தெளிவாகத் தெரியும். பத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். பழகிவிட்டால் அடுத்து வரும் குடும்பத்தின் பையைப் பிடுங்கும்.

3. பகலில் ஊர். பசியாறிவிட்டு மயானம், தேவாலயம், மணிக்கூண்டு, கோயில். கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

4. மழை நேரத்தில் அருங்காட்சியகம். இதைக் காலையில் பார்ப்பது வீண். வானம் கறுத்ததும் உள்ளே போய்விடுங்கள். எதிரிலேயே சிறைச்சாலையின் மதில். அது இன்னும் சிறையாகத்தான் இயங்குகிறது.

5. மாலை. சிறு பிள்ளைகள் இருந்தால் 1961இல் தொடங்கிய மிருகக்காட்சிச் சாலையின் இரவு உலா. இல்லையென்றால் கோலா செப்பெத்தாங்: வெளிச்சம் இருக்கும்போதே கரிச்சூளையும் பெயர்ப்பலகையும், இருட்டியதும் படகில் மின்மினிப் பூச்சிகள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பூச்சி வெளிச்சம் எடுபடாது. மழை பலமாக இருந்தாலும் படகு புறப்படாது.

கோலா செப்பெத்தாங்கைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் ரயிலை நம்பிப் போக வேண்டாம். படகு கரைக்குத் திரும்ப இரவாகிவிடும், அங்கிருந்து தைப்பிங் நிலையத்துக்கு வர வண்டியும் வேண்டும், அந்நேரத்தில் சுங்கை சிப்புட்டில் நிற்கும் ரயிலும் வேண்டும். இரண்டும் பொருந்தி வருவது கஷ்டம். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வதே சுலபம்.